சோம்பு வாசம்

வணக்கம் ஐயா,

மலேசியாவில் குளுவாங் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். பாமாயில் தரும் செம்பனையின் வண்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். வண்டுக்கும் செம்பனைக்கும் இடையில் இருப்பது ‘நெடுநாள் நட்பு’ என்று அதில் எழுதியிருந்தீர்கள். ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், ஆண் பூவுல வண்டு சாப்பிடுது, முட்டை போடுது. பெண் பூவுக்கு எதுக்குப் போவுது? அங்க என்ன கிடைக்கும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. வண்டின் உடம்புக்குள் வாழும் நூற்புழுவை ‘எதிரி’ என்கிறீர்கள். வண்டும் பூவைத் தின்றுதானே வாழ்கிறது? ஒன்றை நண்பன், இன்னொன்றை எதிரி என்று யார் முடிவு செய்வது? ஓர் உயிரை உள்ளேயிருந்து தின்னும்படி இன்னோர் உயிரைக் கடவுள் ஏன் படைத்தார் என்றும் ஒரு பையன் கேட்டான். அதையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ச., குளுவாங்

அன்புள்ள ச.,

உங்கள் மாணவிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெண் பூவில் வண்டுக்கு ஒன்றும் கிடைக்காது. ‘நட்பு’ என்று நான் எழுதியது தப்பு, நடப்பது ஏமாற்று. கட்டுரை எழுதுகிற வேகத்தில் வந்து விழுகிற சொல் அது. ஒரு பிள்ளை அதைப் பிடித்துவிட்டாள்.

இந்த விஷயம் எனக்கு முதலில் தெரிந்தது மூக்கு வழியாகத்தான். அம்மா தோட்டத்தில் மாவு அடிக்கிற வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். ஆண் பூவின் மகரந்தத்தைக் காயவைத்து, டால்க் மாவோடு கலந்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு நிரை நிரையாகப் போக வேண்டும். விரிந்த பெண் பூவாகத் தேடி அதன்மேல் ஊத வேண்டும். விரிந்து இரண்டு மூன்று நாளுக்குள் ஊதவில்லையென்றால் அந்தக் குலை போச்சு. சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்தால் அவருடைய கைலியில் சோம்பு வாசம் அடிக்கும். சமையல் வாசம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஆண் பூவின் வாசம்.

மகரந்தத்தை மனிதக் கையால் தூவ வேண்டியிருந்ததற்குக் காரணம் எளிது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். இங்கே 1917இல் கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் அதை வணிகப் பயிராக நட்டார்கள் (தோட்டத்தின் பெயர் தென்னை, நட்டது செம்பனை!). மரம் வந்தது, அதன் வண்டு வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1970களின் பிற்பாதியில் சையத் என்ற பூச்சியியலாளர் ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குப் போய்ப் பார்த்து, வேலை செய்வது மூக்கு நீண்ட ஒரு குட்டி வண்டு என்று காட்டினார். மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். வேறு பயிர்களைத் தொடாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் நம் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில்தான் முதலில் திறந்துவிட்டார்கள். குலை கனத்தது. மாவு அடிக்கிற வேலை நின்றது. அம்மாவை உதிரிப் பழம் பொறுக்க மாற்றினார்கள். அந்த வண்டை அம்மா இன்றைக்கும் மரியாதையாகப் பேசுவதில்லை.

சரி, ஏமாற்று எங்கே நடக்கிறது? ஒரே மரத்தில் சில மாதம் ஆண் பூவாக வரும், சில மாதம் பெண் பூவாக வரும். சோம்பு வாசம் பிடித்து வண்டு ஆண் பூவுக்கு வருகிறது. தின்கிறது, முட்டை இடுகிறது, மகரந்தம் உதிர்ந்து வாடிய பூவைக் குஞ்சுப்புழு தின்று வளர்கிறது. பெண் பூ விரியும்போது அதுவும் அதே வாசத்தை வீசுகிறது. உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வண்டு வந்து இறங்குகிறது, அங்குமிங்கும் ஓடித் தேடுகிறது, ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போகிறது. அதற்குள் மரத்தின் காரியம் முடிந்துவிட்டது.

மரத்துக்கு மூளை கிடையாது, யாரும் திட்டம் போடவுமில்லை. எந்த மரத்தின் பெண் பூவில் அந்த வாசம் இருந்ததோ அதில் காய் பிடித்தது, விதை முளைத்தது. வாசம் இல்லாததற்குச் சந்ததி குறைந்தது. வண்டு ஏன் சுதாரித்துக்கொள்ளவில்லை என்று உங்கள் மாணவி அடுத்து கேட்பாள், தயாராக இருங்கள். சோம்பு வாசத்தைச் சந்தேகப்பட்டுத் தயங்குகிற வண்டு ஆண் பூவையும் தவறவிடும். பெண் பூவில் வீணாவது கொஞ்ச நேரம். ஆண் பூவைத் தவறவிட்டால் வம்சமே போய்விடும். அதனால் ஏமாறுகிற வண்டுதான் பிழைக்கிறது.

செம்பனையாவது வண்டைத் திருப்பி அனுப்புகிறது. பேயத்தி அப்படியில்லை. அதில் ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனியாக உண்டு. பெண் மரத்துக் காய்க்குள் நுழைகிற குளவி மகரந்தத்தைப் பூசிவிட்டு, முட்டை வைக்க இடமில்லாமல் உள்ளேயே சாகும். அங்கே பூவின் சூல்தண்டு, அதாவது சூலகத்தின் மேல் நிற்கும் காம்பு, நீளம். குளவியின் முட்டையிடும் ஊசி சூலகத்துக்கு எட்டாது. அத்திப் பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால்தான் ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். உள்ளே இப்படி ஒரு சாவு நடப்பதை நம் பாட்டிகள் அறிந்திருக்க வழியில்லை.

நண்பன், எதிரி என்பதை முடிவு செய்வது வரவு செலவுக் கணக்குதான். உயிரியலாளர்கள் குணத்தைப் பார்ப்பதில்லை, சந்ததியை எண்ணுகிறார்கள். வண்டு தின்பதால் மரம் இழப்பது வேலை முடிந்த ஆண் பூ. கிடைப்பது குலை நிறையக் காய். அதனால் ‘கூட்டாளி’ என்று பெயர். நூற்புழுவால் வண்டுக்கு வரவே இல்லை, செலவு மட்டும். அதனால் ‘ஒட்டுண்ணி’. பெயர்கள் நிலையானவை என்று நினைத்துவிடாதீர்கள். காயாகக் கொட்ட வேண்டும் என்று பெண் பூ அதிகம் வரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து நடுகிறார்கள். அந்த இளம் மரங்களில் ஆண் பூ குறைவு. வண்டு பெருக இடமில்லை, வண்டு குறைந்தால் காய் பிடிப்பதும் குறைகிறது. கூலியைக் குறைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று புலம்புவது தோட்டத்தில் பிறந்த நமக்குப் புதிதா என்ன?

அந்தப் பையனின் கேள்வி லேசானதல்ல. டார்வினையே அது தூங்கவிடவில்லை. உயிருள்ள புழுவின் உடம்புக்குள் இருந்து தின்னும் குளவிகளைக் கருணையுள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று, 1860 மே மாதம் ஆசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாளருக்கு எழுதினார். நான் கோயிலுக்குப் போகிறவன், எனக்கும் பதில் கிடையாது. ஆனால் தோட்டத்துச் சாலையோரம் பையனுக்குக் காட்ட ஒன்று உண்டு. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகக் காலையில் விரியுமே, மலாய்க்காரர்கள் ‘புங்கா புக்குல் லாப்பான்’ என்பார்களே, எட்டு மணிப் பூ, அது அழகுக்கு நட்டதல்ல. செம்பனை ஓலையை அரித்துத் தின்னும், கூட்டைச் சுமந்து திரியும் ‘உலாட் புங்குஸ்’ புழுவைக் கொல்லும் குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டது. கண்டபடி மருந்து அடித்த காலத்தில் புழுவைவிடக் குளவிதான் அதிகம் செத்தது, புழு பெருகி மரங்கள் மொட்டையாகின. அதற்குப் பிறகுதான் பூவை நடும் புத்தி வந்தது. பையனுக்குக் கொடூரமாகத் தெரியும் அந்தக் குளவிக்கு, தோட்டக்காரர் விருந்து வைக்கிறார்.

ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தோட்ட அலுவலகக் கிராணியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். எல்லாரும் பூட்ஸ் போட்டிருக்க வேண்டும். முள் உண்டு, எலி உண்டு, எலியைத் தேடி வரும் பாம்பும் உண்டு. அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கண் இப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் எந்த நிரையில் ஆண் பூ விரிந்திருக்கிறது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார்.