நாசி கண்டார் கடையில் கை நிற்காதது ஏன்

வீட்டில் ஒரே குழம்பு என்றால் அரைத் தட்டிலேயே போதும் என்றாகிவிடுகிறது, சோற்றோடு பல கறியும் குழம்பும் சேர்த்துத் தரும் மலேசியாவின் பினாங்கு நாசி கண்டார் கடையில் மட்டும் கை நிற்பதில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. இது எல்லாருக்கும் நடப்பதுதான். ஒரு சுவையைத் தின்னத் தின்ன அந்தச் சுவைதான் சலிக்கும். அடுத்ததன்மேல் ஆசை அப்படியே இருக்கும். 1981-இல் உணவுப் பழக்க ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழு சோதித்தபோது, நான்கு வகை சாண்ட்விச் கிடைத்தவர்கள் ஒரே வகை கிடைத்தபோது தின்றதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம் தட்டிலோ கோழி, மீன்முட்டை, கணவாய், வெண்டைக்காய், மேலே எல்லாக் குழம்பும் 'பஞ்சிர்', அதாவது வெள்ளமாக! அடுத்த முறை கறி ஒன்று, காய் ஒன்று, குழம்பும் ஒன்றே போதும் என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், என்னையும் முறைத்தார். சரி, உட்கார்ந்த பிறகு எழுந்து போய் எதையும் சேர்க்காதீர்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.