சொந்தத் தொழில் செய்பவருக்குத் தனிநபர் பிராண்ட் எதற்கு?

உங்கள் பெயரைக் கேட்டதும், நீங்கள் எதில் கைதேர்ந்தவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவரா என்று மற்றவர் மனத்தில் எழும் எண்ணம்தான் தனிநபர் பிராண்ட். கடைப் பெயர் வேறு. இது கடைக்காரரின் பெயருக்கு உள்ள மதிப்பு.

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டார் விருந்தை முன்கூட்டியே சாப்பிட்டுப் பார்க்க முடியாது. அதனால் "சமையல் யார்?" என்று விசாரிக்கிறார்கள். தொழிலிலும் காரணம் இதேதான். வாங்கும் முன் தரத்தைச் சோதிக்க முடியாத இடத்தில், ஆளை வைத்தே பொருளை எடைபோடுகிறோம்.

வீட்டுத் தரையில் பதிக்கும், கையால் செய்த பூவேலைக் கல்லான ஆத்தங்குடிக் கல்லை விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது, அதன்மேல் மணலும் சிமெண்டும் நிரப்பி அழுத்துவது, தண்ணீரில் ஊறப்போடுவது, கண்ணாடியைப் பிரித்ததும் பளபளவென்று பூவேலை தெரிவது என்று பட்டறையில் நின்று தானே விளக்குபவரை நம்பித்தான் வெளியூர்க்காரர் முன்பணம் அனுப்புவார். சூளையில் சுடாத கல் இது. புழங்கப் புழங்க மெருகேறும், எலுமிச்சைச் சாறு சிந்தினால் தடம் விழும் என்று குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து விளம்பரம் தராத நம்பிக்கையை அந்த ஒரு வரி தரும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்கள் வேண்டும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். வீடு கட்டித்தரும் பொறியாளர்கள் சிலர் உங்கள் பெயரைத் தயங்காமல் பரிந்துரைத்தாலே ஆர்டர் வரும்.