பணம் கேட்டது யார்?

அன்புள்ள அண்ணா,

மெக்சிகோப் பாடல்களைப் பொருளோடு கேட்டுவருகிறேன். பழையவற்றில், நான் ஏழை, பணத்துக்காக விட்டுப் போய்விட்டாள் என்ற புலம்பல். புதியவற்றில் காரும் கைக்கடிகாரமும் காட்டி அழைக்கிறார்கள். அங்கே காதலே பேரம்தானா?

ம.

அன்புள்ள ம.,

புலம்புகிறவன் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பாடகர் ஹுவான் காப்ரியேலின் முதல் பெருவெற்றி ‘நோ தெங்கோ தினெரோ’, என்னிடம் பணமில்லை. 1971இல் வந்தது. காப்பகத்தில் வளர்ந்த அவருக்கு வறுமை கற்பனை அல்ல. பாட்டில் இருவரும் கைகோத்துத் தெருவில் நடக்கிறார்கள். அவள் கேட்பது, கல்யாணம் எப்போது என்று மட்டும்தான். நான் ஏழை, காத்திரு என்கிறான். பிறகு, ஏழையாகப் பிறந்ததால் உன்னால் என்னை நேசிக்க முடியாது என்று அவனே முடிவுகட்டிவிடுகிறான். அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை! அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அவளுக்காகவே மனம் கனக்கிறது.

பாடலாசிரியரும் பாடகருமான ஹொசே அல்ஃபிரெடோ ஹிமெனெஸின் ‘எல் ரெய்’, அரசன், இன்னும் புகழ்பெற்றது. பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் சொல்லே சட்டம். சிம்மாசனமோ ராணியோ இல்லை, ஆனாலும் நானே அரசன் என்கிறான். மீசையில் மண் ஒட்டவில்லை என்பவனின் பாட்டு அது. மெக்சிகோவே சேர்ந்து பாடும். எனக்கோ ஹிமெனெஸின் ‘எயா’, அவள் என்ற பாட்டுதான் பெரிது. அதில் பணக்காரப் போட்டியாளன் யாரும் இல்லை. காதலன் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துவிட்டான். அவள் வாய் திறந்தது, இனி உன்மேல் அன்பில்லை என்று சொல்லத்தான். மரியாச்சி என்னும் மெக்சிகோ இசைக்குழுவினர் வாசிப்பதை நிறுத்துகிறார்கள். வலுவிழந்த கையிலிருந்து கோப்பை அவனறியாமல் விழுகிறது. அவன் துயரத்தைப் பார்த்து அவள் தங்கிவிடவும் நினைக்கிறாள். பழிபோட எதுவும் இல்லாததால்தான் அந்த வலி தாங்க முடியாததாக இருக்கிறது. பணத்துக்காகப் போனாள் என்பது ஆண் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். ‘நீ வேண்டாம்’ என்பதைக் கேட்பதைவிட அது எளிது.

கொரிதோ என்னும் பழைய கதைப்பாடலை ராப் பாணியோடு கலந்த இன்றைய கொரிதோஸ் தும்பாதோஸ் பாடல்களில் பணப் பகட்டு நிறைய உண்டு, மறுக்கவில்லை. அவற்றை நானும் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் 2023இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறிய பாட்டு எஸ்லபோன் அர்மாதோ குழுவும் பாடகர் பேசோ ப்ளூமாவும் பாடிய ‘எயா பைலா சோலா’, அவள் தனியாக ஆடுகிறாள். தனியாக ஆடிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஒருவன் போய்ப் பேசுகிறான். தன்னிடம் பெரிதாகக் காசில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவள் பதிலும் பாட்டிலேயே இருக்கிறது: நீ ஒரு பைத்தியம், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்து அதைக் கேளுங்கள்.