துணிப்பையில் தேன்சிட்டுக் கூடு: தீபாவளிச் சுத்தம் ஐந்து வாரம் தள்ளிப்போகட்டும்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம். பழைய புடவை, வேட்டி, நைட்டி எல்லாம் திணித்த துணிப்பை ஒன்று சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் சர்வீஸ் யார்டு கொக்கியில் மாதக்கணக்காகத் தொங்குகிறது. தீபாவளிக்குள் வெட்டி வாசலில் போடும் மிதியடி, பை என்று ஏதாவது தைத்துவிடலாம் என்று எடுக்கப் போனால், பையின் காதில் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. மஞ்சள் வயிறு, வளைந்த மூக்கு. கூட்டைப் பூந்தொட்டிப் பக்கம் மாற்றி வைக்கலாமா? மகன் தினமும் சோறு வைக்கிறான். அது சரியா?

பதில்: மாற்ற வேண்டாம். சோறும் வேண்டாம்.

வந்திருப்பது தேன்சிட்டு. தொண்டையிலிருந்து வயிறு வரை மஞ்சளாக இருந்தால் பெண். தொண்டையிலிருந்து மார்பு வரை கருநீலமாக மின்னினால் ஆண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் துணிக்கொடி, பூந்தொட்டி, மின்வயர் என்று எங்கே தொங்க இடம் கிடைத்தாலும் கட்டிவிடும். உங்கள் பையின் காது அதற்கு ஒரு மரக்கிளை மாதிரிதான்.

தள்ளி நின்று கூட்டைப் பாருங்கள். பேரிக்காய் வடிவம், பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு சின்னச் சாய்ப்பு. காய்ந்த புல், நார், பஞ்சு, இலைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் இழுத்துப் பிணைத்திருக்கும். ஒற்றைப் பிடியில் தொங்குகிற அந்தக் கட்டு, கழற்றி வேறு இடத்தில் மாட்டினால் தாங்காது. தாங்கினாலும் தாய் பழைய இடத்துக்கே வந்து தேடும். அதற்குள் முட்டை குளிர்ந்துபோகும்.

பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். தாய்தான் அடைகாக்கும், ஏறக்குறைய இரண்டு வாரம். குஞ்சு பொரித்தபின் பறக்க இன்னும் ஒரு இரண்டு வாரம். பறந்த பிறகும் சில இரவுகள் குஞ்சுகள் கூட்டுக்கே தூங்க வரும். ஆகமொத்தம் ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தக் கொக்கியை விட்டுவிட்டு மறுபக்கத்தில் துணி காயப்போடுங்கள், பறவை பழகிக்கொள்ளும். ஜன்னலை மட்டும் பகலில் சாத்தாதீர்கள்.

சோறு விஷயம். தேன்சிட்டு பூந்தேன் குடிக்கும், குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும் ஊட்டும். சோற்றைத் தொடாது. சோற்றுக்கு வருவது மைனாவும் காக்காவும்தான், காக்கா வந்தால் குஞ்சுக்கு ஆபத்து. சட்டமும் இருக்கிறது: 2020 முதல் காட்டுயிர்களுக்கு உணவு வைப்பது குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். பையனுக்கு ஆசை இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தாய் எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதி வைக்கட்டும்.

குஞ்சு கீழே விழுந்தால் கையால் எடுத்துக் கூட்டுக்குள் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கூடே விழுந்தால் ஒரு சின்னக் கூடையில் வைத்து அதே இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். காயம் தெரிந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600, இல்லையென்றால் காட்டுயிர்களை மீட்கும் ஏக்கர்ஸ் அமைப்பின் 9783 7782.

சரி, உங்கள் துணிகளுக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான்.

புடவை, வேட்டி, பருத்தி நைட்டி எல்லாம் நெய்த துணி. வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். டி-சட்டை பின்னிய துணி. வெட்டினால் ஓரம் சுருளுமே தவிர நூல் உதிராது. கூடு கட்டுகிற பறவை உதிர்ந்த நூலைப் பொறுக்கிக்கொண்டு போகும். ஒருமுறை நான் கையில் வாங்கிய குஞ்சின் காலில் நீல பாலியஸ்டர் நூல் மூன்று சுற்று சுற்றியிருந்தது. குஞ்சு வளர வளர நூல் இறுகி, விரல்கள் கறுத்துப்போயிருந்தன. நகவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தெடுத்தோம். ஒரு விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அது வந்தது யாரோ தைத்துவிட்டு உதறிய மிதியடியிலிருந்தாகத்தான் இருக்கும்.

அதனால் பால்கனியிலும் வாசலிலும் போடுகிற மிதியடியை டி-சட்டையில் செய்யுங்கள். இரண்டு அங்குல அகலக் கீற்றுகளாக வெட்டி, மூன்றைச் சேர்த்துச் சடை மாதிரிப் பின்னி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே தைத்தால் போதும். புடவைத் துணி வீட்டுக்குள் இருக்கட்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கால் பக்கக் கரையும் ஊசி குத்திய இடமும்தான் முதலில் நைந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு நல்ல பாகத்தை மூன்று நான்கு அடுக்காக வைத்து ஓட்டுத்தையல் போட்டால் ஏசி அறைக்கு அருமையான போர்வை. ஓரத்தை மடித்துத் தைக்க மறக்காதீர்கள். வெட்டுகிற வேலையை வீட்டுக்குள் செய்து, நூல் துணுக்குகளைப் பையில் முடிச்சுப் போட்டுக் குப்பையில் போடுங்கள். பறவை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஜன்னலோரம் வைப்பது நல்லெண்ணம்தான், ஆனால் வேண்டாம்.

ஒரு பழைய டி-சட்டையை மட்டும் வெட்டாமல் காலணிப் பெட்டிக்குள் மடித்து வையுங்கள். அக்டோபர், நவம்பரில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் கண்ணாடியில் மோதி விழும். தீபாவளிச் சமயமும் அதுதான். டி-சட்டையால் மெதுவாக மூடி எடுத்து, மூடியில் துளையிட்ட பெட்டிக்குள் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரோ உணவோ வேண்டாம். அப்புறம் மேலே சொன்ன எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள். துவாலையால் மூட வேண்டாம், அதன் சுருள் நூலில் பறவையின் நகம் மாட்டிக்கொள்ளும்.

குஞ்சுகள் பறந்து ஒரு வாரம் வரை எதுவும் வரவில்லை என்றால் பையை இறக்கலாம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கூட்டை அகற்றுங்கள். உள்ளே இருக்கும் துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயவைத்துவிட்டு அப்புறம் கத்தரி எடுங்கள். இத்தனை மாதம் நம்ம ஊர் ஈரக்காற்றில் தொங்கிய துணியில் பூஞ்சை இருக்கும். கரும்புள்ளி விழுந்த பாகத்தைப் போர்வைக்குச் சேர்க்காதீர்கள், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.