விசா வருவதற்கு முன் கிரிண்டெல்வால்ட் ஓட்டலுக்கு முழுப் பணம் கட்டலாமா?

கேள்வி: திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் பெற்றோர், மனைவி, 12 மற்றும் 7 வயதுப் பிள்ளைகள் இருவர், நான் என ஆறு பேர் மே மாதம் இரண்டாவது வாரத்தில் சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டில் நான்கு இரவுகள் தங்குவதாக இருக்கிறோம். 'மலைக் காட்சி' உள்ள மூன்று அறைகளுக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள் முழுத் தொகையையும் கட்டினால் 15 சதவீதம் குறையும் என்றும், பிறகு ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றும் பயண முகவர் சொல்கிறார். 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: கட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை தாண்டினால் அறை கைநழுவிவிடும் என்ற பேச்சையும் பொருட்படுத்த வேண்டாம். இயேசு விண்ணகம் சென்றதை நினைவுகூரும் விண்ணேற்றத் திருநாள் விடுமுறை குறுக்கே வந்தாலன்றி, மே மாத நடுவில் கிரிண்டெல்வால்டில் அறைக்குப் பஞ்சம் வருவதில்லை. ரத்து செய்ய முடியாத கட்டணம் என்றால், விசா மறுக்கப்பட்டாலும், அப்பாவுக்கு உடல்நலம் குன்றினாலும், ஒரு சுவிஸ் பிராங்கைக்கூடத் திருப்பித் தர ஓட்டல் கடமைப்பட்டதில்லை என்று பொருள். விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. அந்த நட்டத்தைத் தான் சுமக்க ஓட்டல் முன்வராததில் வியப்பு எதுவும் இல்லை. 15 சதவீதத்தை மிச்சம் பிடிப்பதற்காக முழுத் தொகையையும் பணயம் வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். காப்பீடு இருக்கிறதே என்று முகவர் சமாதானம் சொன்னால், விசா மறுப்புக்கு இழப்பீடு உண்டு என்பது பாலிசியின் எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். விசாவுக்காகக் கேட்கப்படுவது குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு மட்டுமே. அதிலும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தர மாட்டோம் என்ற விலக்கு மலிவான பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். அப்பாவின் பாலிசியை அந்த ஒரு வரிக்காகவே முழுமையாகப் படியுங்கள்.

இந்தச் சிக்கலை உண்டாக்கியவர் நீங்கள் அல்ல. அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. எங்கே தங்கப் போகிறீர்கள் என்று காட்டினால்தான் விசா விண்ணப்பத்தை ஏற்பார்கள். விசா கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் தங்குமிடத்துக்குப் பணம் கட்ட மனம் வரும். விண்ணப்பத்தின் மீது 15 நாட்களில் முடிவெடுக்க வேண்டும், தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை நீட்டிக்கலாம் என்பது, சுவிட்சர்லாந்தும் சேர்ந்துள்ள ஷெங்கன் நாடுகளின் பொது விசா விதி. ஆனால் விண்ணப்பத்தைக் கொடுக்க நேரம் ஒதுக்கிக் கிடைப்பதற்காக ஏப்ரல், மே மாதங்களில் நம்மவர்கள் காத்துக் கிடக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேருவதே இல்லை. காத்திருந்து கொடுத்த விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும், 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ என்றாகிவிட்ட கட்டணம் திரும்பி வராது. இதையெல்லாம் மாற்ற உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்ற ஒரே ஒரு சலுகையையாவது முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முகவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. விசாவுக்குத் தேவைப்படுவது தங்குமிடம் முன்பதிவு செய்யப்பட்டதற்கான சான்றுதான். முழுப் பணமும் கட்டப்பட்டதற்கான ரசீது அல்ல. ஆகவே, ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில், ஆறு பேரின் பெயர்களும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே வரும் வகையில் ஓர் உறுதிச் சீட்டை ஓட்டலிடமிருந்தே வாங்குங்கள். விசா வந்த பிறகும் அதே அறையில் தங்கும் எண்ணத்தோடு அதைச் செய்யுங்கள். 'டம்மி புக்கிங்' என்று சொல்லி, சில நூறு ரூபாய்க்கு ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்து, விண்ணப்பத்தைக் கொடுத்த மறுநாளே ரத்து செய்துவிடும் வேலையை இங்கே பலர் ஒரு சேவையாகவே விற்கிறார்கள். தூதரகத்தில் இருப்பவர் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் பதிவு இல்லை என்ற பதில்தான் வரும். அப்போது பொய் ஆவணம் கொடுத்தவராகப் பதிவாவது முகவரின் பெயர் அல்ல. உங்கள் குடும்பத்தில் உள்ள ஆறு பேரின் பெயர்களும்தான். சுவிஸ் விசாவுக்கு நேரம் கிடைக்கவில்லை, வேறொரு நாட்டுக்கு உடனே கிடைக்கிறது, அங்கே போட்டுவிடலாம் என்று சொல்பவரையும் இதே வகையில் சேர்த்துவிடுங்கள். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ரத்து செய்யக்கூடிய முன்பதிவு என்றால் எதுவரை ரத்து செய்யலாம் என்பதைத் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். நகரத்து ஓட்டல்களில் முந்தின நாள்வரை அனுமதிப்பது உண்டு. மலை ஊர்களில் 14 நாட்கள், 30 நாட்கள் என்று நீண்ட கெடு வைப்பவர்கள் அதிகம். விசா முடிவு தெரியும் தேதி இந்தக் கெடுவுக்கு முன்பாக வருகிறதா என்பதே நீங்கள் பார்க்க வேண்டிய முதல் கணக்கு.

விலை விஷயத்தில், முகவர் சொல்லும் 15 சதவீதம் எந்த விலையிலிருந்து குறைகிறது என்று பார்த்தீர்களா? முன்பெல்லாம் பெரிய முன்பதிவுத் தளங்கள், தங்கள் தளத்தில் உள்ளதைவிடக் குறைந்த விலையை ஓட்டல் வேறு எங்கும் காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டிருந்தன. 2022 டிசம்பர் 1 முதல் சுவிஸ் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. ஆகையால் ஓட்டலின் சொந்த இணையதளத்திலேயே விலை குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆறு பேர், மூன்று அறைகள், நான்கு இரவுகள், விசாவுக்குக் காத்திருக்கிறோம் என்று எளிய ஆங்கிலத்தில் நேரடியாக எழுதிக் கேளுங்கள். இந்திய விருந்தினர்கள் ஏராளமாக வந்துபோகும் அந்த ஊரில் இப்படிப்பட்ட கடிதம் யாருக்கும் புதிதல்ல.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மே இரண்டாவது வாரம் சரியான காலம்தானா? நம் ஊர்ப் பள்ளி விடுமுறையை வைத்து மே மாதத்தை ஐரோப்பியக் கோடை என்று விற்றுவிடுகிறார்கள். ஆல்ப்ஸ் மலை ஊர்களுக்கு அது கோடை அல்ல. பனிச்சறுக்குக் கூட்டம் ஏப்ரலில் கலைந்த பிறகு, ஜூனில் மலையேறுபவர்கள் வந்து சேரும் வரை, அங்கே இடைப்பட்ட காலம். வெங்கன், மியூரன், செர்மாட் போன்ற ஊர்களில் அப்போது பல ஓட்டல்கள் கதவடைத்துவிட்டுப் பராமரிப்பு வேலை பார்க்கும். பணியாளர்கள் விடுமுறையில் போய்விடுவார்கள். திறந்திருக்கும் ஓட்டலிலும் சமையலறை வாரத்தில் சில நாட்களே இயங்கலாம், நீச்சல் குளம் வற்றிக் கிடக்கலாம். கட்டணத்தில் மட்டும் அந்தக் குறைகள் தெரியாது. உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும். கிரிண்டெல்வால்டுக்கு மேலே, படங்களில் நீலமாகத் தெரியும் பாக்ஆல்ப் ஏரி பெரும்பாலும் உறைந்திருக்கும். ஷைனிகே பிளாட்டே மலைக்குச் செல்லும் பற்சக்கர ரயில் பொதுவாக ஜூனில்தான் ஓடத் தொடங்கும்.

இதில் கிரிண்டெல்வால்ட் மட்டும் ஒரு விலக்கு. அதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், முகவர்கள் இந்த விலக்கைக் காட்டியே மற்ற ஊர்களையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள் என்பதுதான். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃபிராயோக் நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் ரயில் ஓடுகிறது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார், கிரிண்டெல்வால்ட் டெர்மினல் நிலையத்திலிருந்து ஐகர்கிளெட்சர் நிலையம் வரை சுமார் 15 நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்து போகும் ரயிலில் மேலே செல்லலாம். பனியைப் பார்க்க வருபவர்களின் வரத்து இதனால் மே மாதத்திலும் நிற்பதில்லை. ஊரும் முழுவதுமாக மூடிக்கொள்வதில்லை. இன்டர்லாக்கன் தாழ்வான நகரம், அதற்கும் இது பொருந்தும். ஆனால் கிரிண்டெல்வால்ட் திறந்திருக்கிறது என்றால் யுங்ஃபிராயோக் திறந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். சுற்றியுள்ள மற்ற கேபிள் கார்கள் எல்லாம் ஓடுகின்றன என்று பொருளல்ல. டெர்மினலிலிருந்தே புறப்படும் மென்லிகன் கேபிள் கார் குளிர்காலம் முடிந்ததும் நிறுத்தப்பட்டு, மே பிற்பகுதியில்தான் மீண்டும் ஓடத் தொடங்குவது வழக்கம். கிரிண்டெல்வால்டில் இடமில்லை, பக்கத்தில் வெங்கனில் போடுகிறேன், எல்லாம் ஒன்றுதான் என்று கடைசி நேரத்தில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெங்கனுக்குச் சாலை கிடையாது, லௌட்டர்புருன்னனிலிருந்து பற்சக்கர ரயிலில்தான் ஏற வேண்டும், ஏறிப் போனால் மே மாதத்தில் பாதி ஊர் பூட்டிக் கிடக்கும். உங்களால் முடிந்தால் மே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். விண்ணேற்றத் திருநாள் வியாழக்கிழமையில் வரும், வெள்ளிக்கிழமையையும் சேர்த்து உள்நாட்டவர்கள் நான்கு நாள் விடுமுறை எடுப்பார்கள். அந்த வாரத்தை மட்டும் நாட்காட்டியில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

அறையைப் பற்றி. கிரிண்டெல்வால்டில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் ஏதோ ஒரு மலை தெரியும் என்பதால் 'மலைக் காட்சி' என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பே இல்லை. நீங்கள் எதிர்பார்க்கும் ஐகர் சிகரம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. தெற்கு நோக்கிய மாடம் (பால்கனி) உள்ள அறை என்று உறுதிச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், மேட்டுப் பக்கம் பார்த்த அறையில் புல்சரிவையும் பக்கத்து வீட்டு விறகு அடுக்கையும் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். ஓட்டல் நிலையத்திலிருந்து எத்தனை மீட்டர் தொலைவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை மீட்டர் ஏற்றம் என்றும் கேளுங்கள். ஊர் சரிவில் பரந்து கிடப்பதால் வரைபடத்தில் அருகில் தெரியும் ஓட்டலுக்குப் பெட்டிகளோடு ஏறுவது உங்கள் அப்பாவால் ஆகாது. மின்தூக்கி இருக்கிறதா, அது அறை இருக்கும் தளம்வரை போகிறதா என்பதையும் கேளுங்கள். பழைய மரக் கட்டடங்களில் இரண்டுமே நிச்சயமில்லை. மாலையில் வரவேற்பறையைப் பூட்டிவிட்டு, சாவியை வெளியே ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போகும் சிறிய ஓட்டல்களும் உண்டு. வந்து சேரும் நேரத்தை முன்பே எழுதி அனுப்பினால் அந்தப் பெட்டியைத் திறக்கும் எண்ணைத் தருவார்கள். இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து வரும் ரயில் ஸ்வைலூட்சினன் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லௌட்டர்புருன்னனுக்கும் மறுபாதி கிரிண்டெல்வால்டுக்கும் போகும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊரின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள்; பெற்றோர் ஒரு பாதியிலும் நீங்கள் மறுபாதியிலும் ஏறிவிடக் கூடாது.

ஒவ்வொரு இரவுக்கும் ஆள் கணக்கில் சுற்றுலா வரி உண்டு. அது காட்டப்பட்ட விலையில் அடங்கியதா, ஓட்டலில் தனியாகக் கட்ட வேண்டியதா என்று கேளுங்கள். அதற்குப் பதிலாகத் தரும் விருந்தினர் அட்டையை மறக்காமல் வாங்கி, அதில் என்னென்ன சலுகைகள் உண்டு என்றும் கேளுங்கள். ஓட்டலில் கடன் அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயா, பிராங்கா என்று இயந்திரம் கேட்டால் பிராங்க் என்பதையே அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில், பேருந்துச் சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் யுங்ஃபிராயோக் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரிண்டெல்வால்ட் வரை அந்தப் பாஸ் செல்லும், அதற்கு மேல் தள்ளுபடி மட்டுமே.

உங்கள் அப்பா தங்கும் இடத்தைப் பற்றிக் கவலை குறைவு. கிரிண்டெல்வால்ட் 1,034 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, செர்மாட் 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. யுங்ஃபிராயோக் பயணம் வேறு விஷயம். இருதய மருத்துவர் எழுத்தில் சம்மதிக்காமல் அவருக்கு அந்தச் சீட்டை வாங்காதீர்கள். அன்று அவரும் அம்மாவும் ஊரிலேயே ஐகரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். தெற்கு நோக்கிய மாடத்தை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொடுத்துவிட்ட 25,000 ரூபாய்க்கு முகவரிடம் இரண்டு தாள்களை எழுத்து மூலம் கேளுங்கள்: பணம் எதற்காகப் பெறப்பட்டது என்று சொல்லும் ரசீது ஒன்று, உங்கள் பெயரில் ஓட்டல் கொடுத்த முன்பதிவு எண் இன்னொன்று. எண்ணைக் கொடுத்தால் அதைக் குறிப்பிட்டு ஓட்டலுக்கு நீங்களே எழுதி, பதிவு உண்மையா, என்ன நிபந்தனையில் செய்யப்பட்டது என்று கேட்டுவிடுங்கள். எண் இல்லை, முழுப் பணம் வந்தால்தான் போடுவோம் என்றால் இதுவரை உங்களுக்கு எந்த அறையும் பதிவு செய்யப்படவில்லை. பதிவே ஆகாத அறைக்கு ரத்துக் கட்டணம் பிடிக்க அவருக்கு நியாயம் இல்லை, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு டி.சி.எஸ். (விற்பவர் வாங்குபவரிடம் பிடித்து அரசுக்குக் கட்டும்) வரி பிடித்திருப்பதாகச் சொன்னால், உங்கள் பான் எண்ணில் பிடிக்கப்பட்ட வரிகளைக் காட்டும் வருமான வரித் துறையின் கணக்கு விவரத்தை (26ஏ.எஸ். படிவம் என்று அறியப்படுவது) திறந்து பாருங்கள். உரிய கெடு முடிந்த பிறகும் அந்தத் தொகை அங்கே ஏறவில்லை என்றால், வரி என்ற பெயரில் வாங்கிய பணத்தை அவர் அரசுக்குக் கட்டாமல் இருக்கலாம். அதையும் ரசீதோடு சேர்த்து எழுத்திலேயே கேளுங்கள்.