குடியை விட்டும் அடி நிற்கவில்லையே, ஏன்?

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பண்ருட்டியில் கட்டிக்கொடுத்த தங்கச்சியை மாப்பிள்ளை அடிக்கிறார். இரண்டு முறை பெரியவர்களை வைத்துப் பேசி அனுப்பினோம். இப்போது குடியை விட்டுவிட்டார், அடி நிற்கவில்லை. என்ன செய்வது?"

குடி அடியின் வேகத்தைக் கூட்டும். அடிக்கும் துணிச்சல் வேறு இடத்திலிருந்து வருகிறது. போதையில் இருப்பவர்கூட பெரும்பாலும் மேஸ்திரி மேல் கை வைப்பதில்லை. யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்று அப்போதும் தெரிகிறது.

உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. தங்கச்சி முந்திரி உடைத்து வாங்கும் கூலி மாப்பிள்ளை கைக்குப் போகிறது. வீடு மாமியார் பேரில். பஞ்சாயத்து அன்று ஆண்கள் எல்லாரும் கூடத்தில், தங்கச்சி அடுப்படி வாசலில். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. "அனுசரிச்சுப் போம்மா" என்றீர்கள். அவருக்குப் போக்கிடம் இல்லை என்பது அன்றே மாப்பிள்ளைக்கு உறுதியாகிவிட்டது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், நிலமும் வீடும் தன் பேரில் இருந்த பெண்களில் 7 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 49 சதவீதம். இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. நாமோ நகை போட்டாச்சே என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் மகளிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் வாங்கினீர்களா? யோசியுங்கள், இது நேரடியாக இந்த அடியோடு சம்பந்தப்பட்டது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மாப்பிள்ளை இல்லாத நேரத்தில் தங்கச்சியிடம் தனியாகப் பேசுங்கள். பிரிந்து கிளம்பும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். அதனால் முன்கூட்டி யாரிடமும் சொல்லவேண்டாம். ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ்கள் உங்களிடம் வந்துவிடட்டும். காயம் பட்டால் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாமல், அரசு மருத்துவமனையில் உண்மையைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, வாழ்ந்த வீட்டில் தங்க அவருக்கு உரிமை உண்டு. வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவனை வெளியேறச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். இனி அடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. மனு எழுத மாவட்ட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். பெண்கள் உதவி எண் 181-இல் எந்நேரமும் பேசலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, அதற்கு 15100-ஐ அழையுங்கள்.

அங்கேயே இருந்து வழக்கு நடத்துவதா, உங்கள் வீட்டுக்கு வருவதா என்பதைத் தங்கச்சிதான் முடிவு செய்யவேண்டும். வந்தால், மறுபடி சேர்த்து வைக்க நாள் பார்க்காதீர்கள்.