அப்பாவின் ஆம்னியைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். போன வருடம் காலமான அப்பாவின் 2013 மாடல் ஆம்னி வாசலில் நிற்கிறது. ஆர்.சி. புக் இன்னும் அவர் பெயரில்தான். என் தங்கைக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, இருவரும் நலமாக வீடு வந்தார்கள். அந்த நன்றிக்கு வண்டியை அங்கேயே கொடுத்துவிட நினைக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் இப்படித்தான் காரைத் தானம் கொடுத்து வரிச்சலுகையும் வாங்கினாராம். இங்கே எப்படிச் செய்வது?

பதில்: விற்றுவிட்டுப் பணமாகக் கொடுங்கள். வண்டியாகக் கொடுக்க வேண்டாம்.

மச்சான் கொடுத்த கார் எந்தக் கர்ப்பிணியையும் ஏற்றிக்கொண்டு போயிருக்காது. அங்கே அமைப்பின் சார்பில் ஆள் வந்து காரை இழுத்துப்போவார்கள், பெரும்பாலும் அது நேரே ஏலத்துக்குப் போகும், விற்ற பணம்தான் அமைப்புக்குச் சேரும். 500 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்டால், கார் ஏலத்தில் என்ன விலை போனதோ பொதுவாக அதற்குள்தான் கிடைக்கும். இங்கே விற்றுக் கொடுக்க ஆள் இல்லை, அந்த வேலையை நீங்களே செய்யப்போகிறீர்கள், அவ்வளவுதான்.

வரி விஷயத்தில் நம் ஊர்ச் சட்டம் இன்னும் கறார். நன்கொடைக்கான வரிக்கழிவு, 80ஜி என்பார்களே அது, பணமாகக் கொடுத்தால் மட்டுமே. வண்டி, அரிசி, துணி எதற்கும் கிடையாது. ரொக்கமாகக் கொடுப்பது 2000 ரூபாயைத் தாண்டினால் கழிவே கிடையாது, ஆகவே காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் சரி. புதிய வரி முறையில் இருந்தால் இந்தக் கழிவே இல்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்பதால் மூலதன ஆதாய வரியும் வராது.

ஆஸ்பத்திரி ஏன் வாங்கத் தயங்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வண்டி ஓட வேண்டுமானால் டிரைவர் பணியிடம், பெட்ரோல் ஒதுக்கீடு, இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். அதோடு, கர்ப்பிணியைக் கொண்டுவர 108 இருக்கிறது. பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் விட இலவச 102 வண்டி இருக்கிறது. ஆம்னியில் ஸ்ட்ரெச்சர் போட்டு, சிவப்பு விளக்கு வைத்து ஆம்புலன்ஸ் ஆக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆம்புலன்சுக்கென்று ஏ.ஐ.எஸ்-125 என்ற தர விதி தனியாக உண்டு. மூச்சுத் திணறும் சிசுவுக்கு அப்படி மாற்றிய ஆம்னியால் உதவியே இல்லை.

சரி, விற்பது எப்படி? உங்களுக்குச் சிக்கல் இங்கேதான். ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும்வரை யாராலும் அதை முறையாக விற்க முடியாது. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. உங்களுக்குக் கெடு தாண்டிவிட்டது. அபராதம் கட்டி முடிக்க வேண்டியதுதான். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், யார் பெயருக்கு மாற்றுகிறீர்களோ அவர் தவிர மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். அம்மா இருந்தால் அவர் பெயருக்கு மாற்றுவது வீட்டில் பேச்சு வராமல் இருக்க நல்லது.

இன்சூரன்சைப் பலர் கவனிப்பதே இல்லை. பாலிசிதாரர் இறந்தால் வழக்கமான வாகன பாலிசி மூன்று மாதமோ, அதன் கெடு முடியும் தேதியோ, எது முந்தியோ அதுவரைதான் செல்லும். உங்கள் ஆம்னிக்கு இப்போது பாலிசி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்க்கிறேன் என்றாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். முதலில் புதுப் பெயரில் இன்சூரன்ஸ்.

பெயர் மாறியபின் விற்கும்போது, விற்றதைத் தெரிவிக்கப் படிவம் 29, வாங்குபவர் பெயருக்கு மாற்றப் படிவம் 30. புரோக்கர் சிலர் இதில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விடச் சொல்வார்கள். ஓப்பனில் கொடுப்பது என்று அதற்குப் பெயர். கொடுக்கவே கொடுக்காதீர்கள். வண்டி கைமாறியும் ஆர்.சி. மாறாமல் இருந்தால், விபத்து நஷ்டஈடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லிவிட்டது. பழைய கார் டீலரிடம் விடுவதென்றால் அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். அப்படியானால் படிவம் 29சி மூலம் ஒப்படைத்ததைப் பதிவு செய்துவிடலாம். நிலுவை இ-செல்லான், வங்கிக் கடன் இருந்தால் முன்பே முடித்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி தண்ணீரில் நின்றதா? நின்றிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நல்ல மெக்கானிக் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். பதிவு 2028 வரை இருப்பதால் ஓடுகிற வண்டியாகவே விலை போகும். ஸ்கிராப்புக்கு அவசரப்பட வேண்டாம்.

பணம் கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த ஆஸ்பத்திரியே ராஜா சர் ராமசாமி முதலியார் கொடையால் 1880ல் எழுந்ததுதான், ஆகவே கொடுப்பவர் அங்கே புதிதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு, அதன் பெயரில் ரசீது கேளுங்கள். பொருளாக வாங்கிக் கொடுக்க ஆசை என்றால், பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவரிடம் தேவையை எழுதி வாங்குங்கள். குழந்தையை மார்போடு அணைத்து வைக்கும் தாய்க்குச் சாய்வு நாற்காலி, குழந்தையின் கை, காலில் சுற்றி மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் என்று சின்னப் பட்டியலாகவும் இருக்கலாம். கருவி என்றால் சர்வீஸ் ஒப்பந்தத்தோடு சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் மூலையில் கிடக்கும்.

தனியார் அறக்கட்டளை எதுவாவது வண்டியாகவே கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆர்.சி. அவர்கள் பெயருக்கு மாறியபிறகே வண்டி நகர வேண்டும், சம்பள டிரைவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்புறம், வீட்டில் இரத்தம் கொடுக்கத் தகுதியானவர்கள் இருந்தால் அரசு இரத்த வங்கியில் கொடுங்கள். பிரசவ மரணங்களுக்கு முக்கியக் காரணமே இரத்தப்போக்குதான்.

கடைசியாக, அண்ணன் தங்கை எல்லோரும் கொடையில் பங்கு என்றால், விற்ற பணத்தை முதலில் பிரித்து, அவரவர் கணக்கிலிருந்து அவரவர் பான் எண்ணோடு அனுப்புங்கள். வரிக்கழிவுக்கு வேண்டிய நன்கொடைச் சான்றிதழ் பணம் அனுப்பியவர் பெயருக்குத்தான் வரும்.